4294967297: 2ஐ வைத்துச் சோதித்தால் தேறிவிடுகிறது, ஆனால் பகா எண் இல்லை. ஏன்?

#1 மீதிக்கணக்கு

எண் 4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2^32ஐ விட ஒன்று கூடுதல். இழை முழுக்க இதை 'எ' என்று சுருக்கி எழுதுகிறேன்.

மூன்று இடத்தில் முட்டுகிறது.

அ) 2^(எ−1)ஐ எ-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி பகா எண்ணுக்கு அப்படித்தான் வர வேண்டும். ஆனால் பகா எண் பட்டியலில் எ இல்லை.

ஆ) அதே கணக்கை 64 பிட் குறியில்லா முழு எண்ணில் எழுதினால் மீதி 0 வருகிறது.

இ) காரணிகளைக் கையாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி இருக்கிறது. அதற்குள் 6542 பகா எண்கள். அத்தனையையும் வகுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

#2 அடுக்குமாடி

ஆ-வை முதலில் முடித்துவிடலாம். 0 என்ற விடை வரவே வராது. எ ஒற்றைப்படை எண். 2இன் எந்த அடுக்கிலும் ஒற்றைப்படைக் காரணி கிடையாது (1ஐத் தவிர). எனவே மீதி 0 என்று நிரல் சொன்ன உடனேயே பிழை கணிதத்தில் இல்லை, நிரலில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எ−1 = 2^32. ஆகவே 2ஐ 32 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்துவதுதான் மொத்த வேலையும்:

2 → 4 → 16 → 256 → 65536 → 4294967296

ஐந்து வர்க்கம் ஆயிற்று. கடைசியில் நிற்பது எ−1, அதாவது எ-ஆல் வகுத்து மீதி காணும் கணக்கில் −1. ஆறாவது வர்க்கத்தில் அது 1 ஆகும். மீதமுள்ள 26 தடவையும் 1ஏ. இதுதான் சரியான வழி.

உங்கள் நிரலில் ஆறாவது வர்க்கம் 4294967296 × 4294967296 = 2^64. குறியில்லா 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 18446744073709551615, அதாவது 2^64−1. ஒன்றே ஒன்றுதான் கூடிப்போனது. உச்சி பிட் உதிர்ந்து 0 நிற்கிறது, பிறகு எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 0.

இதில் சுவாரசியம் என்னவென்றால், மீதி கண்ட எண்களில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் 64 பிட்டுக்குள் அடங்கிவிடும். 4294967296ஐ அதனாலேயே பெருக்கும் ஓர் இடத்தில் மட்டும்தான் வழிகிறது. 2ஐ வைத்துச் சோதித்தால் நேராகப் போய் அந்தக் குழியில்தான் விழ வேண்டும்.

#3 பிட்டுக்குமண்

மேலே சொன்னதோடு மாறி வகை பற்றியும் சேர்த்துக்குங்க. அதே நிரலை 3க்கு ஓட்டினா ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும்.

குறியில்லா 64 பிட்: 3க்குச் சரியான விடை வரும். நடுவுல எங்கேயும் −1 தட்டுப்படாது, அதனால வழியவும் வழியாது.

குறியுள்ள 64 பிட்: எல்லை 9223372036854775807. 3^32இன் மீதி 3793201458. அதை வர்க்கப்படுத்தினா எல்லையைத் தாண்டிடும். சத்தமில்லாம எதிர்மறை எண் வரும், அதுக்கப்புறம் எல்லாம் குப்பை.

மிதவைப் புள்ளி (இரட்டைத் துல்லியம்): 2^53 = 9007199254740992 வரைக்கும்தான் ஒவ்வொரு முழு எண்ணும் அச்சு அசலா நிற்கும். வேடிக்கை பாருங்க, 2க்கு இது சரியா வேலை செய்யும், ஏன்னா 2^64 ஒரே பிட்தான், மிதவையில அப்படியே உட்காரும். 3க்கு 3^32 = 1853020188851841 வரை தாங்கும், அடுத்த வர்க்கத்துலயே கடைசி இலக்கங்கள் போயிடும். 2க்கு மட்டும் பார்த்துட்டு "நிரல் சரி"ன்னு விட்டுடாதீங்க.

நிரந்தரத் தீர்வு: வகுக்கவே வேண்டாம். 2^32 ≡ −1 (மட்டு எ), அதாவது எ-ஆல வகுத்தா ரெண்டுக்கும் ஒரே மீதி. பெருக்குத் தொகையை 32 பிட், 32 பிட்டா வெட்டி, கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதியைக் கழிச்சா போதும். எதிர்மறையா வந்தா எ-ஐக் கூட்டிக்கணும். 3^32க்கு மேல்பாதி 431439, கீழ்ப்பாதி 3793632897. கழிச்சா 3793201458. வகுத்துப் பார்த்தாலும் இதேதான் வரும்.

பெருக்குறதுக்கு முன்னாடி ஒரு காவல் வேணும்: இரண்டுல ஒண்ணு 4294967296 ஆக இருந்தா பெருக்காதீங்க, மற்றதை எ-யிலிருந்து கழிச்சு விடையா கொடுங்க (மற்றது 0 ஆக இருந்தா விடை 0). −1ஆல பெருக்குறதுன்னா அதுதானே.

#4 ஒற்றைப்படை

அ-வுக்கு: வெறும் ஃபெர்மா சோதனை நம்பத்தகாதது. அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைப் போட்டால் 2ஐ வைத்தே எ மாட்டிக்கொள்ளும்.

#5 அடுக்குமாடி

மாட்டாது. எழுதிப் பாருங்கள்.

மில்லர்–ராபினில் எ−1ஐ 2^ச × ஒற்றை எண் என்று பிரிப்போம். இங்கே ச = 32, ஒற்றை எண் 1. ஆகத் தொடர் 2^1இல் தொடங்குகிறது: 2, 4, 16, 256, 65536, −1. நடுவில் −1 வந்துவிட்டால் "பகா எண்ணாக இருக்கலாம்" என்று சோதனை கைகழுவிவிடும். எனவே எ, 2ஐப் பொறுத்தவரை வலுவான போலிப் பகா எண்.

2^(2^ந) + 1 வடிவில் உள்ள எந்த எண்ணுக்கும் இதே கதைதான். இவை ஃபெர்மா எண்கள்; எ அவற்றில் ந = 5. அந்த எண்ணை வைத்து மட்டுப் பார்த்தால் 2^(2^ந) என்பது −1. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1. பகாவோ பகுவோ, 2 எப்போதும் தலையாட்டும். ஃபெர்மா எண்ணை 2ஐ வைத்துச் சோதிப்பது, திருடனின் தம்பியைச் சாட்சிக்கு அழைப்பது மாதிரி.

எத்தனை அடிமானங்கள் (2இன் இடத்தில் வைத்துச் சோதிக்கும் எண்கள்) இப்படிப் பொய் சொல்லும் என்பதையும் எண்ணிவிடலாம். எ = 641 × 6700417 (இந்தக் காரணிகள் வந்த வழியை யாராவது எழுதுங்கள்). ஒவ்வொரு பகாக் காரணிக்கும், எ−1, காரணி−1 இரண்டின் மீ.பொ.வ. எடுத்துப் பெருக்க வேண்டும். 640 = 2^7 × 5, 6700416 = 2^7 × 3 × 17449. 2^32உடன் மீ.பொ.வ. இரண்டுக்கும் 128. 128 × 128 = 16384. எ-க்குக் கீழே ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் அடிமானங்கள் இவ்வளவே, தோராயமாக 2,62,144க்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணை எடுத்திருந்தால் எ உடனே அகப்பட்டிருக்கும். முதலில் கைக்கு வரும் 2 அந்த 16384இல் ஒன்றாகப் போனதுதான் சிக்கல்.

நடைமுறைக்கு: 4759123141க்குக் கீழுள்ள எண்களுக்கு 2, 7, 61 மூன்றையும் வைத்து மில்லர்–ராபின் போட்டால் தவறவே தவறாது. எ அந்த எல்லைக்குள் வருகிறது.

#6 ஒற்றைப்படை

ஒப்புக்கொள்கிறேன். எ−1இல் ஒற்றைப் பகுதி 1 ஆக இருப்பதைக் கவனிக்கவில்லை.

#7 வகுத்தி

இ-க்கு வருகிறேன். 6542 வகுத்தல் வேண்டாம்.

எ-யின் பகாக் காரணி ஒன்றை ப என்போம். 2^32 ≡ −1 (மட்டு ப), ஆகவே 2^64 ≡ 1. 2இன் அடுக்குகள் ப-வை மட்டாக வைத்து எத்தனை படியில் 1க்குத் திரும்புகின்றன? அந்த எண்ணிக்கை (2இன் சுற்று) 64இன் காரணியாக இருக்க வேண்டும். 32ஆகவோ அதன் காரணியாகவோ இருக்க முடியாது, 32ஆம் படியில் 1 இல்லை, −1தான் இருக்கிறது. எனவே சரியாக 64. சிறிய தேற்றப்படி ப−1ஆம் படியிலும் 1 வரும். ஆகவே 64, ப−1ஐ வகுக்கும். ப = 64க + 1.

64க + 1 வடிவப் பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் அகப்பட்டுவிடும். எ பகு எண் என்று ஆய்லர் 1732இல் காட்டினார். 2^(2^ந) + 1 வடிவத்தில் எல்லாமே பகா எண்கள் என்பது ஃபெர்மா 1640இலிருந்து கடிதங்களில் சொல்லிவந்த ஊகம். 1729இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிக் கேட்டிருந்தார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதாக வரும் எ-யிலேயே ஊகம் உடைந்துவிட்டது.

#8 அடுக்குமாடி

193, 449, 577 மூன்றையும் தொடவே வேண்டாம். ப = 64க + 1 என்றால் ப-வை 8ஆல் வகுக்க மீதி 1. அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க எச்சம், அதாவது ஏதோ ஒரு ய-வுக்கு ய² ≡ 2. 2இன் சுற்று 64 என்றால் ய-வின் சுற்று 128. ஆகவே 128, ப−1ஐ வகுக்கும். இது லூக்காவின் திருத்தம், 1878.

128க + 1 வரிசை: 129 = 3 × 43, 257, 385 = 5 × 7 × 11, 513 = 27 × 19, 641. பகா எண்கள் 257, 641 இரண்டே. 2^8 ≡ −1 (மட்டு 257), அதன் நான்காம் அடுக்கு 2^32 ≡ 1, எனவே எ ≡ 2. 257 கழன்றது. வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

4294967297 ÷ 641 = 6700417, மீதி இல்லை. சரிபார்க்க: 6700417 × 600 = 4020250200, × 40 = 268016680, × 1 = 6700417. கூட்டினால் 4294967297.

#9 மீதிக்கணக்கு

ஒரே வகுத்தல்! சரி, 6700417 பகா எண் என்பது எப்படித் தெரியும்? அதற்கும் 2588 வரை வகுக்க வேண்டாமா?

#10 வகுத்தி

வேண்டாம். 6700417இன் காரணி எதுவாக இருந்தாலும் அது எ-யின் காரணியும்தான். எனவே அதுவும் 128க + 1 வடிவத்தில்தான் இருக்கும். 2588க்குள் அப்படி 20 எண்கள். அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். மற்றவை உதிரும் விதம்: 897 = 3 × 13 × 23, 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197; மிச்சத்தை 3, 5 இரண்டே கவனித்துக்கொள்ளும்.

6700417ஐ வகுக்க வரும் மீதிகள்: 257க்கு 170, 641க்கு 44, 769க்கு 120, 1153க்கு 334, 1409க்கு 622. எதுவும் 0 இல்லை. பகா எண் என்று உறுதி.

இங்கே ஒரு தவறு நடப்பதுண்டு: 641ஐ இன்னொரு முறை சோதிக்காமல் விட்டுவிடுவது. ஒருமுறை வகுத்த காரணியே மறுபடியும் வகுக்கலாம். மீதி 44 என்று பார்த்த பிறகுதான் எ-க்கு வர்க்கக் காரணி இல்லை என்று சொல்ல முடியும்.

பகாக் காரணிகள் இரண்டு என்றானதும் மற்றவை வரிசையாக வந்துவிடும். வகுத்திகள் நான்கு. அவற்றின் கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356. எ-யுடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240. எ-யை மட்டாக வைத்து ஓர் எண்ணின் சுற்று எவ்வளவு நீளமாகப் போகலாம்? 640, 6700416 இரண்டின் மீ.சி.ம., 33502080. 2க்கோ வெறும் 64.

#11 சுழிப்புள்ளி

641ஐக் கையில் வைத்துக்கொண்டு வகுக்காமலே நிரூபிக்கலாம், இரண்டு வரி போதும்.

641 = 5 × 2^7 + 1. ஆகவே 5 × 2^7 ≡ −1 (மட்டு 641). நான்காம் அடுக்கு: 5^4 × 2^28 ≡ 1.
641 = 5^4 + 2^4. ஆகவே 5^4 ≡ −2^4. மேலே போட்டால் −2^32 ≡ 1. அதாவது 641, 2^32 + 1ஐ வகுக்கும்.

அழகாக இருக்கிறதே என்று இதையே "ஆய்லர் கண்டுபிடித்த வழி" என்று சொல்லிவிடுகிறார்கள். இது விடை தெரிந்த பிறகு செய்யும் சரிபார்ப்பு. தேடலுக்கு 7, 8ஆம் பதிவுகளில் இருப்பதுதான் உதவும்.

#12 இருவர்க்கம்

எ-யை வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள். எ = 65536² + 1². ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால் இரு வர்க்கங்களின் கூட்டாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். எ-க்கு இரண்டாவது விதம் இருக்கிறது:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இது ஒன்றே எ பகு எண் என்பதற்குச் சான்று. காரணிகளும் இதிலிருந்தே உதிரும். இரட்டைகளை இரட்டைகளோடும் ஒற்றைகளை ஒற்றைகளோடும் சேருங்கள்:

65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. மீ.பொ.வ. 8. வகுத்தால் 409, 2556.
65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450. மீ.பொ.வ. 50. வகுத்தால் 2556, 409.

இரண்டு மீ.பொ.வ.க்களின் பாதி 4, 25. இப்போது 4² + 25² = 641, 409² + 2556² = 6700417. இரண்டு மீ.பொ.வ. போட்டு ஒரு பத்து இலக்க எண் பிளந்துவிட்டது.

கணக்கிடும்போது ஒற்றையோடு இரட்டையைக் கலந்தால் மீ.பொ.வ. ஒற்றைப்படையாக வந்து பாதியாக்க முடியாமல் நிற்கும். அதுதான் தவறுக்கு அடையாளம்.

ஒரு கொசுறு: 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. வித்தியாசம் 1, கூட்டினால் 20449. முதல் விதத்தில் உள்ள 1உம், இரண்டாவதில் உள்ள 20449உம் இந்த இரண்டு பெருக்கல்களின் கழித்தலும் கூட்டலும்தான். தவிர 20449 = 143². ஆக எ = 62264² + 143^4.

#13 மீதிக்கணக்கு

62264, 20449 காரணி தெரியாமல் எப்படிக் கிடைக்கும்?

#14 இருவர்க்கம்

தேடத்தான் வேண்டும். 3, 5, 7 என்று ஒற்றை எண்களை எடுத்து அதன் வர்க்கத்தை எ-யிலிருந்து கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்ப்பது. 10224ஆவது முயற்சியில் 20449 வரும். கணினிக்குக் கண் சிமிட்டும் வேலை, கைக்கு ஆகாது. 128க + 1க்குப் பக்கத்தில் நிற்க முடியாத முறைதான்.

#15 வகுத்தி

ஃபெர்மாவே கண்டுபிடித்த காரணிப்படுத்தல் முறை இதைவிட மோசமாகப் போகும். அதில் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, அதன் வர்க்கத்திலிருந்து எ-யைக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறதா என்று பார்ப்போம். 65537இல் தொடங்க வேண்டும். நிற்பது (641 + 6700417) ÷ 2 = 3350529இல். மொத்தம் 32,84,993 முயற்சிகள். காரணிகள் அருகருகே இருந்தால்தான் அந்த முறை ஓடும். இங்கே ஒன்று மூன்று இலக்கம், இன்னொன்று ஏழு. வரிசையாக 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டு போனால்கூட 115ஆவது ஒற்றைப்படைப் பகா எண்ணுக்குள் முடிந்திருக்கும்.

#16 பிட்டுக்குமண்

115ஆவதேதான். 641 வரைக்கும் 2ஐயும் சேர்த்து 116ன்னா ஒற்றைப்படை 115. 'க்குள்'ளுன்னு தயங்க வேண்டாம்.

பொல்லார்டோட ப−1 முறையை (ப−1 சின்னக் காரணிகளா உடைஞ்சா மீ.பொ.வ. போட்டு ப-வைப் பிடிக்கிற வழி) யாரும் தொடலையே. 641−1 = 2^7 × 5. சின்னச் சின்ன காரணிகள், அந்த முறைக்குன்னே செஞ்ச மாதிரி. 2^640 − 1க்கும் எ-க்கும் மீ.பொ.வ. எடுத்தா 641 விழணும். எனக்கு எ-யே முழுசா வருது.

#17 அடுக்குமாடி

மறுபடியும் அந்த 2தான். 641ஐ வைத்தாலும் 6700417ஐ வைத்தாலும் 2இன் சுற்று 64 (7ஆம் பதிவு). 640, 64ஆல் வகுபடும். எனவே 2^640 − 1ஐ இரண்டு காரணிகளும் ஒன்றாக வகுக்கின்றன, மீ.பொ.வ. முழு எ. அடுக்கை 64ஆல் வகுபடாத எண்ணாக மாற்றினால் இரண்டும் ஒன்றாக விலகிக்கொள்ளும், மீ.பொ.வ. 1. 2ஐ வைத்து எந்த அடுக்குக்குப் போனாலும் 1 அல்லது எ, நடுவே எதுவும் கிடையாது.

3ஐ வைத்து 3^640 − 1 எடுங்கள். 641 தனியாக விழும். 6700417−1இல் 5 கிடையாது, 17449 என்ற பெரிய காரணி உண்டு. அதை வைத்துப் பார்த்தால் 3^640 ஒன்றுக்குத் திரும்பாது.

#18 ஒற்றைப்படை

எ பகு எண் என்று மட்டும் தெரிந்தால் போதும், காரணி வேண்டாம் என்றால் பெபின் சோதனை (1877) உண்டு: 3க்கு மேற்பட்ட ஃபெர்மா எண், 3^((எண்−1)/2) ≡ −1 ஆனால்தான் பகா, இல்லாவிட்டால் பகு. இது "இருக்கலாம்" என்று இழுக்காது. இரண்டு பக்கமும் திட்டவட்டம். எ-க்கு 3ஐ 31 முறை வர்க்கப்படுத்த வேண்டும். வரும் மீதி 10324303. வர வேண்டியது 4294967296. எனவே பகு.

#19 மீதிக்கணக்கு

31 வர்க்கம் கையால் போட்டால் எங்கோ தவறு நுழையும். 10324303 சரியா என்று பார்க்கக் குறுக்குவழி?

#20 சுழிப்புள்ளி

இருக்கிறது. 641 காரணி என்று தெரிந்துவிட்டதால் 641ஐ மட்டாக வைத்துப் போடுங்கள், எண்கள் சிறியவை. 3ஐத் தொடர்ந்து வர்க்கப்படுத்த:

3, 9, 81, 151, 366, −13, 169, 357, −110, −79, −169, 357 …

ஏழாவது வர்க்கத்தில் வந்த 357 பதினோராவதில் திரும்பி வருகிறது. இனி நான்கு நான்காகச் சுழலும்: 7, 11, 15, 19, 23, 27, 31. ஆக 31ஆவதில் 357. இப்போது 10324303ஐ 641ஆல் வகுங்கள்: 641 × 16106 = 10323946, மீதி 357. பொருந்துகிறது.

இது பாதிச் சோதனைதான். 6700417 பக்கத்தில் தவறு இருந்தால் இது காட்டாது. ஆனால் நிரலில் வழிதல் நடந்திருந்தால் 641 பக்கமும் ஒத்துப்போக 641இல் ஒரு வாய்ப்புதான்.

இன்னொன்று. 2இன் சுற்று 64 என்பதிலிருந்து பத்தடிமானத்துக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது. 5 × 2^7 ≡ −1 ≡ 2^32, எனவே 5 ≡ 2^25. 10 = 2 × 5 ≡ 2^26. 64, 26 இரண்டின் மீ.பொ.வ. 2. ஆகவே 10இன் சுற்று 64 ÷ 2 = 32. அதாவது 1/641இன் தசம விரிவு 32 இலக்கத்தில் மடங்கி வரும், 640 வரை போகாது:

0015600624024960 9984399375975039

முதல் பாதியின் ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து கழித்தால் இரண்டாம் பாதி. காரணம் 10^16 ≡ −1 (மட்டு 641). முழுசாகச் சொன்னால் 641 × 15600624024961 = 10000000000000001.

#21 பிட்டுக்குமண்

அப்போ 10^16 + 1, 2^32 + 1 ரெண்டுக்கும் 641 பொதுக் காரணி. 6700417உம் சேர்ந்து வருமா?

#22 சுழிப்புள்ளி

வராது. உங்கள் வெட்டிக் கழிக்கும் முறையிலேயே பாருங்கள். 10^16இன் மேல்பாதி 2328306, கீழ்ப்பாதி 1874919424. கழித்தால் 1872591118, ஒன்றைக் கூட்டினால் 1872591119. இது 641 × 2921359. 6700417ஆல் வகுத்தால் 3174776 மிஞ்சும். ஆக மீ.பொ.வ. 641 மட்டும்.

#23 மீதிக்கணக்கு

3ஆம் பதிவில் சொன்ன காவலைச் சேர்த்து, வகுத்தலை எடுத்துவிட்டு ஓட்டியதில் வந்தவை: 2^(எ−1)க்கு 1, 3இன் 31 வர்க்கத்துக்கு 10324303, இன்னொரு வர்க்கம் போட்டு 3^(எ−1)க்கு 3029026160. கடைசியை யாராவது தனியாகச் சரிபார்க்க முடியுமா?

#24 வகுத்தி

10324303² = 106591232435809. எ × 24817 = 106588203409649. கழித்தால் 3029026160. சரி.

அடுத்த ஃபெர்மா எண் 2^64 + 1 = 18446744073709551617க்கு இதே நிரலை நீட்ட நினைத்தால் 128 பிட் பெருக்கல் வேண்டும்; வெட்டிக் கழிப்பது 64 பிட் பாதிகளில் நடக்கும், காவல் எண் 2^64. தேட வேண்டிய வடிவம் 256க + 1. க = 1071இல் 274177 அகப்படும்.